நீர்நாய்க்குட்டியின் குரல்

குட்டி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

படம் ஆரம்பித்துப் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. ஆறு, நாணல், மீன், ஒரு பாட்டு எல்லாம் வந்தாயிற்று. நீர்நாய்க்குட்டி மட்டும் தாயின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தது.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

சோபாவில் மகள் நிவேதிகா. இரண்டு பக்கமும் அவளோடு நாலாம் வகுப்பில் படிக்கும் அஃப்ரினும் ஜெமிமாவும். படம் பார்க்க வந்தவர்கள் இல்லை. உண்மையா என்று பார்க்க வந்தவர்கள்.

அந்தக் குட்டிக்குத் தமிழில் பேசியது எங்கம்மாதான் என்று நிவேதிகா வகுப்பில் சொல்லிவிட்டாள். புருடா விடாதே என்று சிரித்திருக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அந்த வாரம்தான் பழைய படத்தைப் புதுப்பித்து டிஸ்க் போட்டிருந்தார்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில், முதலில் வெளியான தமிழ்க் குரல்களுடன் என்று இருந்தது. அன்றைக்கே வாங்கிவிட்டாள்.

கணவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பவன்.

"என்ன மேடம், உங்க குட்டி ஊமையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஏழு வயதில், மூன்று நாள். வடபழனியில் ஒரு குளிர்ந்த அறை. ஸ்டூல் மேல் ஏற்றி மைக் முன்னால் பேசவைத்தார்கள். அவளிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். படம் வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போனார்கள். நானூறு பிள்ளைகள் போட்ட கூச்சலில் தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

படத்தை என்னமாய்த் துடைத்திருக்கிறார்கள். நாணலில் ஒவ்வொரு தாளும் தனியாகத் தெரிந்தது. ஒலியும் அப்படித்தான். தண்ணீர் சொட்டினால் காதுக்குள் சொட்டியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குட்டி கண்ணைத் திறந்தது.

"அம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

அவள் குரல் இல்லை.

முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பெரிய பெண் ஒருத்தி தொண்டையைச் சுருக்கிக்கொண்டு குழந்தை மாதிரி பேசும் குரல். அந்தக் காலத்தில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அந்த அறையின் மூலையில்கூட ஒரு அக்கா மூன்று நாளும் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் கொடுத்தாள், தலையைக் கோதிவிட்டாள். எதற்கு உட்கார்ந்திருந்தாள் என்று முப்பத்தோரு வருடம் கழித்து இப்போது புரிந்தது.

ஜெமிமா திரையைப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது நீங்களா?"

நிவேதிகா திரும்பவில்லை. பின்னங்கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டது.

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் பிள்ளை திங்கட்கிழமை எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவாள்?

"பாருங்க, இன்னும் வரும்," என்றாள்.

குட்டி பேசிக்கொண்டே போனது. மீனோடு, ஆமையோடு, தவளையோடு. ஒரு சொல்கூட இவளுடையது இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாமா என்று பார்த்தாள்.

வெள்ளம் வந்தது. தாயை அடித்துக்கொண்டு போனது. குட்டி ஒரு பாறைமேல் தனியாக நின்றது.

அழுதது.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இது அந்த அக்கா இல்லை.

அன்றைக்கு அந்த மைக் முன்னால் இவளுக்கு அழுகை வரவில்லை. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. கடைசியில் விளக்கை அணைத்தார்கள். உங்கம்மா உன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று யாரோ இருட்டில் சொன்னார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. அம்மா, அம்மா என்று மூச்சு முட்ட அலறினாள். விளக்கு வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பேச்சை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லவர்கள்.

குட்டி நீளமாக அழுதது. நடுவில் மூச்சை இழுத்து அடக்கிப் பார்த்தது. அடங்காமல் மறுபடி அழுதது. அஃப்ரின் சிப்ஸ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

இது நான்தான் என்று இப்போது சொல்லலாம். யார் நம்புவார்கள்? பேசியவள் ஒருத்தி, அழுதவள் ஒருத்தி என்றால், கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பான் கணவன்.



நிவேதிகா ரிமோட்டை எடுத்தாள். படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் எங்கம்மா! பேசுறது வேற யாரோ. அழுறது எங்கம்மாதான்."

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் ஜெமிமா.

"எனக்குத் தெரியாதா? பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு எங்கம்மா இப்படித்தான் அழுவாங்க."

ஜெமிமா நம்பிவிட்டாள். அஃப்ரினும் தலையாட்டினாள்.

கணவன் சிரிக்கவில்லை.

அவன் பக்கம் திரும்பாமலே, "படத்த ஓட விடு நிவி," என்றாள் அவள்.