மூணாறு போய்வந்த கடன்

கல்யாணமான புதிதில் மூணாறு போய்வந்த செலவு முழுவதையும் நெல்சன் கிரெடிட் கார்டில்தான் தேய்த்திருந்தான். விவாகரத்துக்குப் பிறகும் அந்தக் கடன் வட்டியோடு வளர்ந்தது. நடையாய் நடந்த பிறகு, மாதத் தவணையைக் குறைத்துக்கொள்ள வங்கி சம்மதித்தது. அவன் தங்கை சொல்லிக் கேள்விப்பட்ட முன்னாள் மனைவி சுகிர்தா போன் செய்தாள்.

"பாதிய நான் கட்டுறேன்."

"எதுக்கு? நான்தானே உன்னக் கூட்டிட்டுப் போனேன்?"

"நானுந்தானே வந்தேன்? அங்க சந்தோஷமாத்தானே இருந்தேன்?"

அவனோடு ஒருநாள்கூடச் சந்தோஷமாக இருந்ததில்லை என்று கோர்ட்டில் சொன்னவள் அவள்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சரி, கட்டு" என்றான். பேச வேண்டியது முடிந்துவிட்டது. ஆனாலும் போனை வைக்க மனமில்லாமல், "அங்க மழையா?" என்று கேட்டான்.