படலையடியில் ஒருவன்

வேலிக்கு வெளியே நின்ற ஜெமீலின் காதில் பெண்சாதி றாஹிலாவின் அழுகுரல் விழுந்தது.

“காஸிம், இந்தப் பெருநாளைக்காவது வந்திடுங்க. உங்கள உட்டா எனக்கு ஆரு இரிக்காங்க?”

தான் இல்லாத வீட்டில் எவன் இந்தக் காஸிம்? பல்லைக் கடித்துக்கொண்டு வேலியின் கிடுகு இடுக்கால் எட்டிப் பார்த்தான். றாஹிலா தனியேதான் இருந்தாள். கையிலிருந்த நாவலைச் சத்தமாக வாசித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

‘சீ, கதைப் புத்தகமா!’ சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் படலையைத் தட்டினான்.

அவள் தலை நிமிரவில்லை. “ஆரு, பக்கத்து ஊட்டு ராத்தாவா? கொஞ்சம் பொறுங்க. சவூதிக்குப் போன புருஷன் சொல்லாமக் கொள்ளாம வந்து இப்பதான் படலையடியில நிக்கான். பொண்டாட்டி இன்னும் காணல்ல, பாவம்!”

மூன்று வருடத்துக்குப் பிறகு சவூதியிலிருந்து வந்திருந்த ஜெமீல், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படலையடியிலேயே நின்றான்.