குப்புராஜ் தூக்கிய கை

மூன்றாவது தெருவில் அன்று சாயங்காலம் குப்புராஜைத் திட்டாத வாயே இல்லை.

"எப்போ கையத் தூக்கணும்னுகூடத் தெரியாத ஆளு, இன்னாத்துக்கு நம்ம தெரு சங்கத்துக்கு செயலாளரு?" என்றாள் புஷ்பலதா, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"நாம இன்னா பண்ணுவோம் அக்கா? அவரு தூக்கினாரு, நாம தூக்கினோம்" என்றாள் கிறிஸ்டினா.

கனகவல்லி தன் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தெருமுனை வீடு அவளுடையது. வெள்ளிக்கிழமை அவள் வாசலுக்கு நேர் எதிரே குப்பைத் தொட்டியை இறக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் சரிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே புருஷன் ஆனந்தன் பிடித்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டா வருவாங்க? நம்ம வாசலுக்கே தொட்டி வர்றதுக்கு நீயே கை தூக்கிட்டு வந்திருக்கியே!"

"குப்புராஜ் அண்ணன் தூக்கினாரு... எல்லாரும் தூக்கினாங்க... அதான் நானும்."

"பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட போய்க் கேட்டுட்டேன். சபையில தூக்கின கை தூக்கினதுதானாம், மாத்த முடியாதாம். அந்தக் குப்புராஜ் எங்கியோ நல்லா காசு வாங்கிட்டான். நீயே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வா!"

கனகவல்லி குப்புராஜ் வீட்டுக்குக் கிளம்பினாள். காலையில் நடந்ததை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபைக் கூட்டம். லீவு நாளாச்சே என்று தெரு ஆம்பளைகள் எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பெண்களைத் திரட்டிக்கொண்டு போனது குப்புராஜ் மட்டும்தான். போகும் வழியிலேயே பாடம் நடத்தினார்.

"தீர்மானம் அது இதுன்னு படிப்பாங்க. நீங்க யாரும் குழம்பிக்க வேணாம். என் கையைப் பாருங்க. நான் தூக்கினா தூக்குங்க. இல்லேன்னா கை மடியிலேயே இருக்கட்டும்."

சரி சரி என்று தலையாட்டினார்கள். பந்தலில் முன்னால் பெண்களுக்கு ஜமக்காளம், பின்னால் ஆண்களுக்கு நாற்காலி. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வரவு செலவு படித்து, கடைசியில் குப்பைத் தொட்டிக்கு வந்தார் தலைவர்.

"இடம் ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு பால்வாடி சுவர் ஓரம். இல்லேன்னா மூணாவது தெரு முனை. நீங்களே சொல்லுங்க."

பால்வாடி ஆயா சாராள் எழுந்தாள். மைக்கைப் பிடிக்கவும் தெரியவில்லை அவளுக்கு.

"பிள்ளைங்க வெளியில உக்காந்துதான் சாப்பிடுதுங்க. இப்பவே ஒரு கையால ஈ ஓட்டிக்கினு ஒரு கையால சாப்பிடுதுங்க. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கியது. அது போகும்வரை தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மூணாவது தெரு முனையிலயே வெச்சிடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகுதான் கனகவல்லிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் கை எப்போது மேலே போனது? யாரைப் பார்த்துத் தூக்கினோம்? குப்புராஜ் தூக்கியதால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்கவேண்டும்.

குப்புராஜ் தன் வீட்டு வாசலில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டதில் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"நீயுமா? வாம்மா. தப்பு நடந்துபோச்சு. உன் பங்குக்கு நீயும் திட்டிட்டுப் போ."

"திட்ட வரல அண்ணே. பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு. எனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லுங்க. ஏன் கையைத் தூக்கினீங்க?"

குப்புராஜ் எழுந்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் அந்த நேரம் பந்தல்லயே இல்லம்மா."

"அண்ணே?"

"திருச்சியில இருந்து தங்கச்சி போன். மைக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. செல்லை எடுத்துக்கினு ரோட்டுக்குப் போயிட்டேன். பேசிட்டுத் திரும்பி வந்தா, நம்ம தெரு மொத்தமும் கையைத் தூக்கிக்கினு கீது! அதுல உன் கைதான் ஒசரம்."

கனகவல்லி தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ... புஷ்பலதா? கிறிஸ்டினா? நீங்க தூக்கினதைப் பாத்தோம்னு..."

"அவங்க வூட்லயும் கேக்க ஆளு இருக்கு இல்ல?" குப்புராஜ் சிரித்தார். "என்னைத் திட்டினா என்னம்மா, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. நீங்க எல்லாம் அவங்கவங்க வூட்டுக்காரன் மூஞ்சில முழிச்சு சோறு போடணும். உன் வூட்லயும் நான்தான்னே சொல்லிடு."

திரும்பி நடக்கும்போது கனகவல்லிக்கு ஈ மொய்க்கும் பால்வாடிப் பிள்ளைகளின் சோற்றுத் தட்டு நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே தொட்டியைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனந்தன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்னடி, ஒத்துக்கிட்டானா?"

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒத்துக்கிட்டாரு. முதல்ல தூக்கினதே அவருதானாம்."