எத்தனை நாளாக

"எத்தனை நாளா மூச்சு வாங்குது, செண்பகம்?"

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கேட்டார்.

அவன் மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு நாளாத்தாம்மா" என்றாள் அவள்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து அப்போதுதான் அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதாம். கொரோனா வந்துபோன சிலருக்கு இதயத் தசை இப்படிப் பலவீனமாகிவிடுமாம். மருந்தில் தேற வழியிருக்கிறது, ஆனால் எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரிய வேண்டும் என்றார்.

அவள் பாதங்கள் வீங்கியிருந்தன. மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது.

இன்றுதான் பார்க்கிறான்.

காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். பஸ் டிப்போவில் கூட வேலை பார்ப்பவர் வீட்டு நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றாள்.

போனான்.

நான்காம் நாள் படுத்தான். பன்னிரண்டு நாள் அறை வாசலில் கஞ்சியும் வெந்நீரும் வைத்தாள். அவன் எழுந்தான். அவள் படுத்தாள்.

பிறகு அவளும் எழுந்தாள். எழுந்துவிட்டதாக அவன் நினைத்தான்.

வீடு மூன்றாவது மாடி. தண்ணீர் கீழே. இரண்டாவது மாடிப் படியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குந்தான் வந்துச்சு. நான் வேலைக்குப் போகல?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள். பிறகு மூன்று. கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

இன்று காலை படியில் விழுந்தாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார்.

"இவுகளுக்கு... ஒண்ணும் தெரியாதும்மா."

அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. அவன் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டை இழுத்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ரெண்டு நாள் இல்லங்கம்மா."

நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

"ரெண்டு மாசமா. எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

செண்பகம் கண்களை மூடிக்கொண்டாள்.

டாக்டர் முன்பு எழுதியதை அடித்தார். மேலே புதிதாக எழுதினார். பேனாவை மூடி வைத்தார்.

அடுத்த கேள்வியை அவர் அவளிடம் கேட்கவில்லை; அவனிடம் கேட்டார்.