எவ்வளவு தூரம் போகும்?

“இன்று, இந்த நகுரு நகரத்தில், கென்யாவின் சரக்குப் போக்குவரத்து வரலாறு இரண்டாகப் பிரிகிறது. டீசல் காலம், டீசலுக்குப் பிந்தைய காலம்!”

கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடி கிப்டனுய் இப்படிப் பிரகடனம் செய்தபோது கேட்க இரண்டே பேர் இருந்தார்கள். கடைகடையாகப் போய் முட்டை விற்கும் ஒபியேரோ, அவர் மனைவி அகேயோ. வரலாறு பிரிந்த அறிகுறி எதுவும் இருவர் முகத்திலும் தெரியவில்லை.

கிப்டனுய் மின்சார வண்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் மண்டல முதுநிலை விற்பனை ஆலோசகன். மண்டலத்தில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. காலையில் கூட்டுவதும் அவன்தான். ஷோரூமில் வண்டியும் ஒன்றே ஒன்று. வெள்ளை நிறத்தில், மின்சாரத்தில் ஓடும் குட்டி பிக்கப். வந்து மாதக்கணக்காகியும் விலைபோகவில்லை. “சாயங்காலத்துக்குள்ள அது போகலைன்னா, திங்கக்கிழமை இங்க உர மூட்டை வந்து இறங்கும். நீ வெளியே இறங்கிக்க” என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

“ஊருக்குள்ள முட்டை போடத்தான் தம்பி,” என்றார் ஒபியேரோ. “இருந்தாலும் நாலையும் கேட்டுக்கணும்ல. மழைத் தண்ணியில இறக்கலாமா?”

“படகு மாதிரி போகும் ஐயா.”

“கரன்ட் போயிட்டா?”

“வந்ததும் ஏத்திக்கங்க. வீட்டுல செல்போன் வச்சிருக்கீங்கல்ல? அதே கதைதான்.”

“சரி. ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல் கிப்டனுய் நெஞ்சை நிமிர்த்தினான். “இருநூத்தம்பது கிலோமீட்டர்!”

ஒபியேரோவின் முகம் சுண்டிவிட்டது. அகேயோ ‘ச்’ கொட்டினாள்.

பத்தவில்லை போலிருக்கிறது. கிப்டனுய் சட்டென்று தூரத்தைக் கூட்டினான். “அது கம்பெனி அடக்கமாச் சொல்றதுங்க. நிதானமா ஓட்டினா முந்நூறைத் தாண்டும்.”

அகேயோ கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாரம் ஏத்தினா?” என்றார் ஒபியேரோ. “பின்னாடி நீளமா ஒரு பெட்டி. அதைச் சுத்தி ஒரு எட்டுப் பேரு.”

முட்டைப் பெட்டிக்கு எதற்கு எட்டுப் பேர் காவல் என்று கிப்டனுய்க்குப் புரியவில்லை. ஆனால் உர மூட்டை கண்முன் நிற்கும்போது இதையெல்லாம் கேட்க முடியுமா?

“எட்டென்னங்க, பன்னெண்டு பேர் ஏறட்டும்! பாட்டுப் பாடிக்கிட்டே போகலாம்.”

“பாடத்தான் செய்வாங்க,” என்று முணுமுணுத்தாள் அகேயோ.

“மோலோ மேடு ஏறுமா?”

“மேடா? அங்க மேடு இருக்கிறதே இந்த வண்டிக்குத் தெரியாது.”

“நடுவழியில சார்ஜ் தீர்ந்தா?”

“கெரிச்சோவுல சார்ஜ் நிலையம் இருக்கே! நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஏறிடும்.”

“அப்ப, கிசுமுவையும் தாண்டி, எங்க சொந்த ஊரு சியாயா வரைக்கும் போயிடும்கிற?”

“கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்!”

ஒபியேரோ எழுந்துவிட்டார். “வேண்டாம் தம்பி. வா அகேயோ.”

“நான் அப்பவே சொன்னேன், பேசாம ஒரு கழுதை வண்டி வாங்கிடலாம்னு. நீங்கதான் கேக்கலை.”

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். தன் புளுகு அத்தனையும் பிடிபட்டுவிட்டது என்று கிப்டனுய்க்குத் தோன்றியது. முதுநிலை ஆலோசகன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

“ஐயா, நில்லுங்க! உண்மையைச் சொல்லிடறேன். நான் சொன்னது எல்லாம் புளுகு. பாரம் ஏத்தினா இது ஐம்பது கிலோமீட்டர் போனாலே பெரிசு. போன மாசம் நானே ஓட்டிப் பார்த்தேன், மோலோ மேட்டுல படுத்திருச்சு. டிராக்டர் வச்சு இழுத்துட்டு வந்தோம். கெரிச்சோவுல நிலையமும் கிடையாது, பலகைதான் நட்டிருக்கான். சியாயாவுக்கு இது போகவே போகாதுங்க!”

ஒபியேரோ மெல்லத் திரும்பினார். “நிஜமாவா?”

“எங்கம்மா மேல சத்தியம்.”

“பெரிய பேட்டரியா மாத்தினா?”

“மாத்த முடியாதுங்க. அதுக்கு இதுல இடமே இல்லை.”

“யார் ஓட்டினாலும் நின்னுடுமா?” என்று கேட்டாள் அகேயோ. அவள் குரலில் முதல் முறையாகக் கனிவு வந்திருந்தது.

“யார் ஓட்டினாலும்தாம்மா.”

அகேயோ உள்ளே வந்து கைப்பையை மேசைமேல் வைத்தாள். “கையெழுத்து எங்க போடணும்?”

சாவி கை மாறியது. உண்மை பேசி வண்டி விற்க முடியும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிப்டனுய்க்குச் சொல்லித் தந்ததில்லை. அவன் திகைத்து நிற்க, ஒபியேரோ ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டு சியாயாவுக்குப் போன் போட்டார். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

“சித்தப்பா, பழைய டீசல் வண்டியை வித்துட்டேன். இனிமே நம்ம சொந்தத்துல யார் இங்க செத்தாலும், அடக்கம் பண்ண ஊருக்கு ஏத்திட்டு வான்னு என்னைக் கூப்பிடாதீங்க. புது வண்டி கரன்ட் வண்டி. மோலோவுலயே நின்னுடும்.”

அந்தப் பக்கம் சித்தப்பா அசரவில்லை.

“நின்னா நிக்கட்டும்டா. அங்க யார் வீட்டுலயாவது ராத்திரி பூரா சார்ஜ் போட்டுட்டு, மறுநாள் கிளம்பி வா. செத்தவனுக்கு ஒரு அவசரமும் இல்லை.”