சாவி எங்கே

"கூடை" என்றாள் மகள், கேள்வி முடிவதற்குள்ளேயே.

பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஏழு மாதமாக வராத பதில்.

மேசையில் இரண்டு பொம்மைகள். ஒரு கூடை, ஒரு டப்பா.

பெரிய பொம்மை பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகும். அந்த நேரம் பார்த்துச் சின்னப் பொம்மை பந்தை எடுத்து டப்பாவுக்குள் மாற்றிவிடும். திரும்பி வருகிற பெரிய பொம்மை பந்தை எங்கே தேடும்?

நாலைந்து வயதிலேயே பெரும்பாலான பிள்ளைகள் கூடை என்று சொல்லிவிடுவார்களாம். பாவம், பந்தை மாற்றியது அதற்குத் தெரியாதே. மகள் சுடருக்கு ஏழு வயது. ஒவ்வொரு மாதமும் டப்பா என்றுதான் சொன்னாள். பந்து அங்கேதானே இருக்கிறது, அப்புறம் என்ன கேள்வி என்பது போல.

இன்று கூடை.

உளவியலாளர் ஹெப்சிபா கைதட்டவில்லை. பொம்மைகளைப் பழையபடி நிறுத்தினார். இந்த முறை பெரிய பொம்மை பந்தை டப்பாவுக்குள் வைத்தது. சின்னது அதைக் கூடைக்கு மாற்றியது.

"இப்ப எங்க தேடும்?"

"கூடை."

அதே வேகம். அதே ராகம். வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

ஹெப்சிபா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"வீட்ல வச்சு சொல்லிக்குடுத்தீங்களாம்மா?"

கொடுத்தாள். இரண்டு வாரம், காலையும் மாலையும், சோற்றுக் கரண்டிகளைப் பொம்மையாக்கி. கூடை, கூடை, கூடை. பாளையங்கோட்டையில் பிள்ளைகளை வேறு எப்படிப் பரீட்சைக்குத் தயார் செய்வார்கள்?

காது வரைக்கும் சூடேறியது அவளுக்கு.

போன மாதம் சுடருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. மூன்று நாள் வலி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு வராத பிள்ளை இல்லை. வீட்டுக்கு வந்த நாத்தனாரிடம், "நீங்க எப்ப போவீங்கன்னு அம்மா கேட்டாங்க" என்று பட்டென்று சொல்கிறவள்தான். ஏன்டி என்கிட்ட சொல்லல என்று இவள் அழுதபோது ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

தனக்கு வலித்தால் அது அம்மாவுக்கும் தெரியும். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அன்று பிடித்த பயம் இன்னும் இறங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால்கூட இந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று பேசாமல் சோறு தின்னும்.

அதற்காகத்தான் அத்தனை கூடையும்.

அடுத்த மாதம் பார்ப்போம் என்றார் ஹெப்சிபா. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தேதி குறித்துக்கொள்ள அவள் முன்னறைக்குப் போனாள். கைப்பையும் வண்டிச் சாவியும் மேசையிலேயே கிடந்தன. சுடர் ஊஞ்சலில் ஏறியிருந்தாள். அந்த அறையில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். கிளம்பு என்றால் ஒவ்வொரு முறையும் ரகளை. சங்கிலியைப் பிடித்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

திரும்பி வந்தபோது மேசையில் சாவி இல்லை.

பையைக் கவிழ்த்தாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"சுடர், சாவி எங்க?"

ஊஞ்சல் நின்றது. மகள் அவள் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"வெளிய. செருப்புக்கிட்ட."

மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போனாள்.

வாசல் பலகையில் ஏழெட்டு ஜோடி. சாவி இல்லை.

மறுபடி உள்ளே வந்தாள். ஹெப்சிபா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. எதையோ பார்க்கச் சொல்லி மோவாயால் காட்டினார்.

ஊஞ்சல் பலகையில், சுடரின் தொடைக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தின் சிவப்புக் கயிறு நீட்டிக்கொண்டிருந்தது.

"இத நீங்க சொல்லிக்குடுக்கலயே?" என்றார் ஹெப்சிபா.

இல்லை என்று தலையாட்டினாள்.

பொய். அவள் மகள் பொய் சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்து, கூசாமல், முழுசாக ஒரு பொய்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தெருவில் இறங்கிப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுக்க வேண்டும்போல இருந்தது. இந்தக் கழுதையைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும்போல இருந்தது.

கயிற்றைப் பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்க இல்லியே! இரு, இன்னொரு தடவ பாத்துட்டு வாரேன்."

வாசலில் மண்டிபோட்டாள். ஒவ்வொரு செருப்பாக எடுத்துக் கவிழ்த்துத் தட்டினாள். யாருடைய ஷூவுக்குள்ளோ கையை விட்டுத் துழாவினாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

உள்ளே ஊஞ்சல் கிறீச்சிடத் தொடங்கியது. கூடவே மகளின் குரல். ஹெப்சிபாவிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி:

"அம்மாக்குத் தெரியாது!"

அவள் அடுத்த ஜோடியை எடுத்தாள்.