நாலாவது விதி

மதிய இடைவேளையில், பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி, அவள் அந்தப் பின்னூட்டத்தை மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

"மேடம் தப்பா நினைக்கக் கூடாது. காஸ்டிக் சோடா தெறிச்சா வினிகர் வேண்டாம். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணி. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி."

எழுதியது நுரை அக்கா. இவள் அனுமதித்தால்தான் அது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டிலேயே சோப்பு செய்கிறவர்களின் இணையக் குழு அது. பதினோராயிரம் பேர். ஆறு வருஷமாக அவள்தான் மாடரேட்டர். சண்டையை விலக்குவதும் விளம்பரக்காரர்களை விரட்டுவதும் சம்பளமில்லாத வேலை. குழுவின் உச்சியில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் பாதுகாப்பு விதிகளும் அவள் எழுதியவை.

நாலாவது விதி: காஸ்டிக் மேலே பட்டால் உடனே வினிகர் ஊற்றவும்.

யாரோ எங்கோ சொன்னதைத்தான் எழுதினாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

நுரை அக்கா குழுவுக்கு வந்து மூன்று மாதம்தான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீல வாளி. ஆனால் சோப்பு இறுகவில்லையா, நுரை அக்கா. கலவை பிரிந்துவிட்டதா, நுரை அக்கா. கையுறை மட்டும் போதுமா என்று கேட்கிறவளும், விதிகள் தலைக்கு மேலேயே இருக்க, நுரை அக்காவைத்தான் கேட்கிறாள்.

மாடரேட்டரான அவளை மட்டும் எல்லோரும் மேடம் என்றார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

ஒரு நாள் அந்த வாளிப் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தாள், ஏதாவது குறை கிடைக்குமா என்று. வாளி பளிச்சென்று இருந்தது.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"டாக்டர், காஸ்டிக் பட்டா வினிகர் ஊத்தலாமா?"

"தண்ணிதான். நிறைய. ஏன், யாருக்கு?"

"சும்மா" என்றாள்.

ஆக, நுரை அக்கா சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

நிராகரி என்ற பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது. மரியாதைக் குறைவு என்று போட முடியாது, அத்தனை பணிவாக எழுதியிருந்தாள். விளம்பரமும் இல்லை. கடைசியாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள்: 'சொந்த அனுபவமில்லாத ஆலோசனை.'

பிறகு தன் நாலாவது விதியைத் திறந்தாள். வினிகரை அழித்தாள். குழாய், இருபது நிமிஷம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நல்ல தமிழில் எழுதிச் சேர்த்தாள். கீழே 'மாடரேட்டர்' என்று போட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் இதயங்கள் விழ ஆரம்பித்தன. 'மேடம்னா மேடம்தான்' என்று ஒருத்தி எழுதினாள். முதல் முறையாக அந்தச் சொல் இனித்தது.

அப்போது தனிச்செய்தி வந்தது. நுரை அக்கா.

வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்தால் சொல்ல நாலு வார்த்தை தயாராக இருந்தது.

"விதியை மாத்தினதுக்கு ரொம்ப நன்றி மேடம். யார் பேர்ல வந்தா என்ன, இனிமே படிக்கிறவங்க தப்பிச்சுப்பாங்க. இதுக்காகத்தான் குழுவுல சேர்ந்தேன்.

ஒண்ணே ஒண்ணு. அனுபவம் இல்லைன்னு காரணம் போட்டிருந்தீங்க. இருக்கு மேடம். போன வருஷம், குழுவுல சேராமலே வெளியில இருந்து உங்க விதிகளைப் படிச்சுத்தான் முதல் சோப்பு செஞ்சேன். முகத்துல தெறிச்சுது. பக்கத்துலயே குழாய் இருந்துச்சு. நான் வினிகர் பாட்டிலைத் தேடி அலமாரி அலமாரியா ஓடினேன்.

ஒரு கண்ணு போயிடுச்சு. பொதுவுல சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். யாருக்கும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். அவள் நிமிரவில்லை.

அந்த நிமிஷத்திலும் நெஞ்சில் முதலில் எழுந்தது பொறாமைதான். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒருத்தியை மரியாதையாகக் கூப்பிடத் தன்னால் முடிந்திருக்காது.